நான்கெல்லை

உசிலம்பட்டி சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர் வரிசையில்
ஒச்சப்பன் அண்ணன் டைப்பிங் கடை.
பழைய பெட்டியின் அடித்தகரம் துருவேறி உதிர்ந்ததும்
மதுரை டவுன்ஹால் ரோட்டில் நானூறு ரூபாய்க்கு
வேறொரு பெட்டி வாங்கிக் குடல் மாற்றினோம்.
எல்லாம் பொருந்தியது.
முன்பக்க ஒலிக்கான வயர் மட்டும்
எலி கத்தரித்த நுனியோடு தொங்கியது.
விடு, என்றார் அண்ணன்,
கிரையப் பத்திரத்துக்கு என்னத்துக்குப் பாட்டு?

அன்றிலிருந்து
சுவிட்சை அமுக்கியதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து:
முன்பக்க ஒலி இணைக்கப்படவில்லை.
தொடர எஃப் ஒன் அழுத்தவும்.

அழுத்தினேன்.
காலையில் ஒருதரம், கரண்டு போய் வந்தால் இன்னொருதரம்,
ஆடிக் காற்றில் ஒரே நாளில் ஏழுதரம்.
ஆறு கோடித் தோப்பு கைமாறுகிற அன்றைக்கும்
அதற்கு அதே குறைதான்.
பந்தியே எழுந்த பிறகும்
தனக்கு அப்பளம் வைக்கவில்லையென்று
இலையை மூடாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மாமன்.

எட்டு மாதத்தில் அந்தக் கட்டையின் எழுத்து தேய்ந்தது.
ஒன்பதாவதில் கட்டையே செத்தது.

செத்தது நல்ல முகூர்த்த நாளில்.
விருமாயி அக்காவுக்கு டோக்கன் பதினொன்று இருபது.
எழுபது சென்ட் புஞ்சை,
வாங்குகிறவன் கொழுந்தன் மகன்,
சாட்சி இரண்டு பேரும் டீக்கடையில்.
நான் அமுக்குகிறேன், அமுக்குகிறேன்,
அது கேட்டதையே கேட்கிறது.

சிக்கந்தர் பாதி வடையோடு வந்தான்.
வேற கீபோர்டு போட்டா இன்னும் ஒம்பது மாசம் அமுக்குவ,
என்று பக்கக் கதவைக் கழற்றி செல்போன் வெளிச்சம் அடித்தான்.
எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் பார்த்துக்கொண்டேன்:

மேற்படி மதர்போர்டில் கட்டுப்பட்ட
ஒன்பது ஊசி கொண்ட மனைக்கு நான்கெல்லையாவது,
வடக்கே கடைசி கார்டு வரிசை,
கிழக்கே யுஎஸ்பி வகையறா ஊசிகள்,
தெற்கே பெட்டியின் தகரம்,
மேற்கே பின்சுவர்.
இதற்குள் பத்தாவது ஊசிக்கு இடம் உண்டு,
ஊசி கிடையாது.

ரெண்டாவது ஊசி எர்த்து, என்றான் சிக்கந்தர்.
நாலாவதுதான் கேட்டுக்கிட்டே கெடக்கு,
இருக்கியா இருக்கியான்னு.
வயரு வந்தா நாலையும் ரெண்டையும் சேர்த்துவிடும்,
அதான் ஆமாங்கிற பதிலு.

மேஜைக்கடியில் செத்துக் கிடந்த ஹார்டுடிஸ்கின் முதுகிலிருந்து
ஒரு ஜம்பரைப் பிடுங்கினான்,
இரண்டு பச்சரிசி சேர்ந்தாற்போல் இருந்தது.
இரண்டிலும் நாலிலும் மாட்டினான்.

காது வந்துருச்சாப்பா?
இல்லைக்கா. இருக்குன்னு சொல்லியாச்சு.

திரை ஒன்றும் கேட்காமல் உள்ளே போனது.
மணி பதினொன்று நாலு.

...மேற்படி சொத்தின் சுவாதீனத்தை
இன்றே தங்கள் வசம் ஒப்புவித்துவிட்டேன்...
விருமாயி அக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டது.
அந்த இடத்தில் கையைத் தூக்கியது.
தாயி, சோளம் இன்னும் பால் பிடிக்கலையே.
எழுத்துக்குத்தான்க்கா, வெட்டிட்டுத்தானே விடப்போற.
அதையும் எழுது.
அதெல்லாம் இதுல வராதுக்கா.
அக்கா கொழுந்தன் மகனைப் பார்த்தது.
அவன் செல்போனைப் பார்த்தான்.
பெருவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே
ரோட்டைத் தாண்டிப் போனது.

பத்து நாளில் புது கீபோர்டு வந்தது.
மிஷின் இப்போது மடமடவென்று எழுகிறது,
எதையும் விசாரிப்பதில்லை.
என் விரலுக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.
உட்கார்ந்ததும் அது எஃப் ஒன்னுக்குப் போகிறது.
அமுக்கினால்
திரையின் ஓரத்தில் ஒரு கட்டம் திறந்து
என்ன உதவி வேண்டும் என்கிறது.

கர்சர் துடிக்கிறது.
சோளம் வெட்டியாச்சா என்று
அதனிடம் கேட்க முடியாது.
பெருக்கல் குறியைத் தொட்டு மூடிவிட்டு
அடுத்த பத்திரத்தைத் திறக்கிறேன்.